பூச்சு நாள்

ஆட்டோ தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டதும் தஸ்நேவிஸ் கையிலிருந்த பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ரெசின் பாட்டிலை எடுத்தார். எடுத்திருக்கக் கூடாது. தூண்டிலுக்கான பன்னிரண்டு மரப் பொய்மீன்களில் கடைசி மீனுக்கு அப்போதுதான் கண் வரைந்து முடித்திருந்தார், கறுப்புப் பொட்டு இன்னும் ஈரத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. வர்ணம் ஒரு ராத்திரியாவது காய வேண்டும், அதற்கு மேல்தான் கண்ணாடிப் பூச்சு. ஈர வர்ணத்தின் மேல் பூச்சு ஏற்றினால் உள்ளே புழுங்கி வெளுத்துப்போகும் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவரே அவர்தான். ஆனால் அந்த ஆட்டோ இந்த வீட்டு வாசலில்தான் நிற்கப்போகிறது. அதிலிருந்து அவர் பெண்டாட்டி எஸ்கலின் இறங்குவாள். இறங்கி உள்ளே வந்து, அவள் கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்து அனுப்பினார்களே, அதற்கு என்ன பதில் வந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று சொல்வாள். பூச்சைக் கலந்துவிட்டால் கதவைத் திறக்க முடியாது. மூடியைத் திருகினார், காய்ச்சல் மருந்தோடு வருகிற சின்ன அளவு மூடியில் கோடு வரைக்கும் ஊற்றினார், வாசலில் ஆட்டோ நின்றது, பிளாஸ்டிக் கிண்ணத்தில் கவிழ்த்தார், எஸ்கலினின் அக்கா ரெக்ஸி மைனியின் குரல் கேட்டது, மறுபடியும் கோடு வரைக்கும் ஊற்றினார், கேட்டின் கொண்டியைத் தூக்கும் சத்தம், அதையும் கவிழ்த்தார், ஐஸ் குச்சியால் கலக்க ஆரம்பித்தார். நுரை வராமல் மெதுவாகக் கலக்க வேண்டும். கை மெதுவாகத்தான் கலக்கியது, நெஞ்சுதான் நுரைத்துக்கொண்டிருந்தது.

கலந்தாகிவிட்டது. இனி அவரை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ரெசினும் அதை இறுக்குகிற ஹார்டனரும் ஒன்றோடொன்று சேர்ந்தபின் அது யாருக்காகவும் காத்திருக்காது, கிண்ணத்திலேயே இறுகி, குச்சியோடு சேர்ந்து கல்லாகிவிடும். அதற்குள் பன்னிரண்டுக்கும் தடவி, சைக்கிள் ரிம்மில் மாட்டி, ரிம்மைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பூச்சு வயிற்றுப்பக்கம் இறங்கித் தொங்கும். முன்பு ஒரு சின்ன மோட்டார் சுற்றியது, அது போன மாதம் புகைந்துபோனதிலிருந்து கைதான். துறைமுகத்து எடைமேடையில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற வேலை அவருக்கு. லீவு நாளெல்லாம் வீட்டின் பின்பக்கத்து இந்த ரூம்தான். கல்யாண முருங்கைக் கட்டையை மீனாகச் சீவி, நடுவில் கம்பி ஓட்டி, வயிற்றில் ஈயம் வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதுகுக்கு நீலம், வயிற்றுக்கு வெள்ளி, பூண்டு வருகிற வலைப்பையைப் போர்த்தி அதன் மேல் வர்ணத்தை அடித்தால் செதில் செதிலாக விழும். தூண்டிலில் மாட்டி வள்ளத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால், சீலா மீன் அதை நிஜச் சாளை என்று நம்பி ஓடி வந்து வாயைத் திறக்கும். திரேஸ்புரத்து வள்ளக்காரர்கள் இவர் கை மீனைத்தான் கேட்டு வருகிறார்கள். சீலாவுக்குக் கண் கூர்மை, அதையே ஏமாற்றிய ஆள் என்று பெயர். பெண்டாட்டியை ஏமாற்றுவதற்கு இரண்டு பாட்டில் தேவைப்படுகிறது என்று நினைத்துக்கொண்டார், நினைத்ததும் வாயெல்லாம் கசந்தது.

முதல் மீனை எடுத்துத் தடவினார். தலையிலிருந்து வாலுக்கு ஒரே இழுப்பு, திரும்ப வரக்கூடாது. வெளியே மைனி, நான் வாரேன் எஸ்கலி, சாயங்காலம் போன் பண்ணு என்றாள். ஆட்டோ கிளம்பியது. அப்படியானால் மைனி உள்ளே வரவில்லை. வராமல் போகிற ஆளா அவள்? தெருவில் நின்று பேசினாலே ஒரு டீ குடிக்காமல் போகமாட்டாள். நல்ல சேதி என்றால் கேட்டைத் திறக்கும்போதே, தஸ்நேவிசு, ஒண்ணுமில்லையாம்டா என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தியிருப்பாளே. கத்தவில்லை. அல்லது அவசரமாக இருக்கலாம், அவள் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம், ஆட்டோக்காரன் நிற்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், மனுஷனுக்கு ஆயிரம் ஜோலி. இரண்டாவது மீன். செவுள் பக்கத்துச் சிவப்பு கொஞ்சம் கரைந்து பிரஷ்ஷில் ஒட்டிக்கொண்டது. பார், ஈரம் என்றால் இதுதான் என்று கை சொன்னது, கையைப் பேசாதே என்றார். அந்தச் சிவப்பு எஸ்கலினின் நகப்பூச்சு. கடையில் வாங்குகிற எந்தச் சிவப்பும் ரத்தம் மாதிரி வரவில்லை என்று அலுத்துக்கொண்டிருந்தபோது அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள், இந்தாங்க, எனக்கெதுக்கு, பாத்திரம் கழுவுற கைக்கு என்று. ரத்தம் என்று ஏன் இப்போது நினைக்க வேண்டும். மூன்றாவது மீன்.

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். முற்றத்துக் குழாய் திறந்தது. கால் கழுவுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தால் கழுவத்தான் செய்வாள், துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலும் கழுவுவாள், மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தாலும் கழுவுவாள், கழுவுவதில் என்ன இருக்கிறது. ஆனால் குழாய் ரொம்ப நேரம் ஓடியது. இரண்டு காலுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? முகம் கழுவுகிறாளோ? அழுத முகத்தைக் கழுவுகிறாளோ? வெயிலில் வந்த முகத்தையும் கழுவத்தானே செய்வார்கள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி, அந்த இரைச்சலில் குழாய் நின்றதா ஓடுகிறதா என்று தெரியாமல் போயிற்று. அவருக்கு மிக்ஸிக்காரி மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. மிக்ஸி நின்றபின் பார்த்தால் வீடே நிசப்தமாக இருந்தது. எஸ்கலின் நுழைந்த வீடு இப்படி இருக்காது. அவள் வாய் ஓயாது. ஆள் இல்லாவிட்டால் காக்காவோடு பேசுவாள், கேஸ் அடுப்பைத் திட்டுவாள், டீவி நாடகத்தில் மாமியாராக வருகிறவளுக்குப் புத்தி சொல்லுவாள். கல்யாணமான புதிதில், இப்படி ஒருத்தியோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்று பயந்ததுண்டு. இப்போது அந்த வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று ஈரப் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.

கூப்பிடமாட்டாள். அது அவருக்குத் தெரியும், தெரிந்துதான் பாட்டிலை எடுத்தார். பூச்சு நாளில் இந்தக் கதவைத் தட்டக் கூடாது, திறக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. ரூமில் ஃபேன் கிடையாது, வெளியே ஹாலிலும் ஃபேன் போடக் கூடாது, கதவிடுக்கில் காற்று நுழைந்து தூசியைக் கொண்டுவரும். குக்கர் வைக்கக் கூடாது, ஆவி வரும், ஆவி பட்டால் பூச்சு பால்போல் வெளுக்கும். பெருக்கக் கூடாது. இதெல்லாம் அவர் போட்ட சட்டம். போட்ட விதம்தான் கேவலம். சில வருஷத்துக்கு முன்னால், நாலு நாள் உட்கார்ந்து செய்த ஒரு பெரிய மீன், அயலூர் ஆள் ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டது, பூச்சு போட்டு மாட்டியிருந்தபோது அவள் டீ கொண்டுவந்தாள். மறுநாள் பார்த்தால் பூச்சுக்குள் ஒரு தலைமுடி, கண்ணிலிருந்து வால் வரை, நீளமாக, சுருண்டு. உள்ளே இறுகிவிட்டது, எடுக்கவே முடியாது. அன்று அவர் கத்திய கத்தில் மிக்ஸிக்காரி வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். எஸ்கலின் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அதிலிருந்து பூச்சு நாளென்றால் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வாள், ஃபேன் சுவிட்சை அமர்த்துவாள், அடுப்படியில் பூனை நடை நடப்பாள். காலையில் எழுந்ததும், இன்னைக்குப் பெரிய வெள்ளியா என்று மட்டும் கேட்பாள். அவருக்குச் சிரிப்பு வரும். பெரிய வெள்ளிக்கிழமை கோயில் மணி அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள், அதுபோல வீடு கிடக்கும். இன்றைக்குக் காலையில் அவள் கேட்கவில்லை. இன்றைக்குப் பூச்சு இல்லை, வர்ணம் மட்டும்தான் என்று நேற்றே சொல்லியிருந்தார். அப்படியானால் பூச்சு நடக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மணம். ரெசின் மணம் கதவிடுக்கு வழியாகப் போயிருக்கும். ஹாலுக்கு வந்ததும் மூக்கில் ஏறியிருக்கும். ஆட்டோ வந்த பிறகு எழும்பிய மணம் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? ஆறாவது மீனில் பிரஷ் வழுக்கி, பூச்சு அவர் கட்டைவிரல்மேல் வழிந்தது.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பார்த்தார். வழவழப்பு. இந்த இரண்டு விரலுக்கும் தெரியாதது எதுவும் கிடையாது. உப்புத்தாள் போட்டு முடித்த கட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் போதும், கண்ணுக்குத் தெரியாத மேட்டைக்கூட விரல் பிடித்துவிடும், இங்கே ஒரு சொணை இருக்கிறது, இன்னொரு தடவை தேய் என்று சொல்லும். அந்த விரலைத்தான் அன்றைக்கு அவள் பிடித்து இழுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம், சோறு சாப்பிட்டு எழுந்த நேரம். இங்க தொட்டுப் பாருங்க, என்னமோ உருளுது என்றாள். தொட்டார். உருண்டது. சின்னதுதான், புளியங்கொட்டை அளவு, ஆனால் கல்போல இருந்தது, அழுத்தினால் வலிக்கவில்லை என்றாள். விரல் அப்போதே சொல்லிவிட்டது. இது நெறி இல்லை, நெறி இளகும், வலிக்கும், இது வேறு. விரல் சொன்னதை வாய் சொல்லவில்லை. ஒண்ணுமில்ல, நெறி கட்டியிருக்கும், தொண்டையில சளி இருக்கும், வெந்நீரு குடி என்றது வாய். பெருநாள் முடியட்டும், பார்ப்போம் என்றது. பெருநாள் முடிந்தது. சப்பரம் போய் வந்தது, தோரணம் அவிழ்த்தார்கள், ராட்டினக்காரன் கழற்றிக்கொண்டு போனான். அதற்குப் பிறகும் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கழுத்தில் சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு இந்த ரூமுக்குள் வந்து ஒரு புதுக் கட்டையைச் சீவ உட்கார்ந்தார். கடைசியில் மைனிதான் கண்டுபிடித்து, உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு பொட்டையா என்று சத்தம் போட்டு இழுத்துக்கொண்டு போனாள். அத்தனை மாதத்தில் அந்தப் புளியங்கொட்டை என்னவாகியிருக்கும், எங்கெங்கே போயிருக்கும், விரல் சொன்ன அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், எட்டாவது மீன், ஒன்பதாவது மீன், தலையிலிருந்து வாலுக்கு, தலையிலிருந்து வாலுக்கு.

இன்றைக்குக் கூடப் போயிருக்க வேண்டியவர் அவர்தான். நானும் வாரேன் என்று சொன்னார். சொன்னது உண்மை. ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு சொல்லவில்லை, கைலியோடு, பல் குத்திக்கொண்டு, வேண்டாம் என்று அவள் சொல்ல வசதியான ஒரு குரலில் சொன்னார். அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வேண்டாம், அக்கா வாரா என்றாள். அப்பாடா என்று உள்ளே ஒருத்தன் உட்கார்ந்தான். அந்த அப்பாடாவுக்காக நரகத்தில் தனி இடம் வைத்திருப்பார்கள். அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோதும் இதே கதைதான். வீட்டு ஆம்பளை ஒருத்தர் வாங்க என்று நர்ஸ் கூப்பிட வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, டீ குடிச்சிட்டு வாரேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். ஒரு டீ குடித்தார், அது முடிந்ததும் இன்னொரு டீ சொன்னார். மேலே போனபோது அண்ணன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தவனின் முதுகு அது. கேட்டால்தான் நடக்கும், கேட்காதவரை நடக்கவில்லை என்று ஒரு கணக்கு தஸ்நேவிசுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அந்தக் கணக்கில் இப்போது இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் எஸ்கலினுக்கு ஒன்றுமே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம்தான் எல்லாம் இருக்கிறது. பன்னிரண்டாவது மீனுக்கும் தடவி, ரிம்மில் கொக்கியில் மாட்டி, சுற்ற ஆரம்பித்தார்.

ரிம் சுற்றியது. நீல முதுகுகள் மேலே போயின, வெள்ளி வயிறுகள் கீழே வந்தன. ஜன்னலில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் வழியே வந்த வெளிச்சம் ஒவ்வொரு மீன்மேலும் ஓடிப் பிடித்து அடுத்ததற்குத் தாவியது. அழகாகத்தான் இருந்தது, அந்த அழகு இப்போது யாருக்கு வேண்டும். தலையில் கட்டிய துண்டையும் மீறி வியர்வை புருவத்தில் நின்றது. விழுந்தால் பூச்சில் விழும், முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். வெளியே எவர்சில்வர் செம்பு வைக்கிற சத்தம். தண்ணீர் குடித்திருக்கிறாள். பிறகு வெளியே அவள் போன் ஒருமுறை அடித்தது. எடுப்பாள், பேசுவாள், அந்தப் பேச்சிலிருந்து தெரிந்துவிடும். கை நின்றது, ரிம் நின்றது. போனை அவள் வெட்டிவிட்டாள். வெட்டினாள் என்றால் பேச முடியாத சேதி. அல்லது சத்தம் கேட்டு இவர் கை ஆடிவிடக் கூடாதே என்று வெட்டியிருப்பாள், அதுவும் அவள்தான் செய்வாள். ஒரு நீலச் சொட்டு ஒரு மீனின் வயிற்றில் திரண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அவசரமாக ரிம்மைத் தள்ளினார். மறுபடியும் சுற்றியது. மகள் பெனிட்டாவாக இருக்கும், பெங்களூரிலிருந்து. அவளுக்கு என்ன சொல்வது, யார் சொல்வது? நீங்க சொல்லுங்க என்று எஸ்கலின் சொல்வாள். டீ குடிச்சிட்டு வாரேன் என்று பெனிட்டாவிடம் சொல்ல முடியாது.

பழக்கத்தில் இடது கை மேஜைமேல் கிடந்த கிண்ணத்தை எடுத்தது. பூச்சு எப்போது இறுக ஆரம்பிக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. மிச்சம் இருக்கிற கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். ரெசினும் ஹார்டனரும் சேர்ந்தால் சூடு பிறக்கும், முதலில் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி லேசாக, அப்புறம் டீ கிளாஸ் மாதிரி. சுட்டால் இனித் தடவ முடியாது, சுற்றுவதோடு சரி. இப்போது கிண்ணம் சுடவில்லை. உள்ளங்கையை மாற்றினார். சுடவில்லை. இந்நேரம் காய்ச்சல் அடித்திருக்க வேண்டும். கன்னத்தில் வைத்துப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. குச்சியை எடுத்தார், தேன்போல் நூல் நூலாக இறங்கியது, கலந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. மேஜையைப் பார்த்தார். ஒரே மாதிரி இரண்டு பாட்டில், ஹார்டனருக்கு மட்டும் அடையாளத்துக்குச் சிவப்பு டேப் சுற்றியிருப்பார். சிவப்பு டேப் பாட்டிலின் மூடியைச் சுற்றிப் போன தடவை வழிந்தது காய்ந்து பக்கு கட்டியிருந்தது. அந்தப் பக்கு உடையவே இல்லை. மூடி திறக்கப்படவே இல்லை. ஆட்டோ நின்றபோதும் ரெசின், கேட்டின் கொண்டியைத் தூக்கியபோதும் ரெசின். ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு தடவை ஊற்றி, அதற்கு அதையே கலந்து, பெரிய வித்தைக்காரன் மாதிரி நுரை வராமல் கலக்கியிருக்கிறார். முதல் வருஷம் கற்றுக்கொள்ள வருகிற பையன்கூடச் செய்யாத தப்பு என்று சொல்லலாம், ஆனால் இந்தத் தப்பை வேறு யாரும் செய்ய முடியாது, வாசலில் காதை வைத்துக்கொண்டு ஊற்றுகிறவன்தான் செய்ய முடியும்.

இது காயாது. ராத்திரி போனாலும் காயாது, ஒரு வாரம் ஆனாலும் காயாது, அடுத்த பெருநாள் வந்தாலும் இப்படியே பிசுபிசுவென்று தூசியையும் கொசுவையும் வாங்கிக்கொண்டு நிற்கும். துடைக்கலாம் என்றால் தின்னர் போட்டுத்தான் துடைக்க வேண்டும், கீழே இருக்கிற ஈர வர்ணமும் செதிலும் கண்ணும் அதோடு வந்துவிடும், மொட்டைக் கட்டைதான் மிஞ்சும். வயிற்றெரிச்சல் வரவேண்டும். வரவில்லை. அதற்குப் பதில் முதலில் வந்தது என்ன என்பதைக் கவனித்தபோது தஸ்நேவிசுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. நிம்மதி வந்தது. காயாதவரை கதவைத் திறக்க வேண்டாம், சட்டம் அதுதானே. காயவே காயாது என்றால் திறக்கவே வேண்டாம். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கலாம், சாயங்காலம் வரும், விளக்கு வைப்பாள், செபம் சொல்லுவாள், கதவைத் தட்டமாட்டாள், டாக்டர் சொன்னதை அவள் மட்டும் வைத்துக்கொண்டு படுத்துக்கொள்வாள், காலையில் எழுந்து இன்னைக்கும் பெரிய வெள்ளியா என்று கேட்பாள். கை பாட்டுக்கு ரிம்மைச் சுற்றியது. வருஷக்கணக்காகச் சுற்றுகிறது, எங்கேயும் போகவில்லை. அப்போதுதான் ஒரு இருமல் கேட்டது. சின்ன இருமல், துணியில் அமுக்கிய இருமல். அது அடுப்படியிலிருந்து வரவில்லை, ஹாலிலிருந்தும் வரவில்லை. கதவுக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து, அவர் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

செம்பு வைத்த சத்தத்துக்குப் பிறகு காலடிச் சத்தமே கேட்கவில்லை என்பது அப்போது உறைத்தது. அவ்வளவு நேரமும் அவள் இங்கே, கதவுக்கு அந்தப் பக்கம், தரையில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொன்றும் உறைத்தது. ஹாலில் ஃபேன் ஓடவில்லை. அந்தப் பழைய ஃபேன் ஓடினால் கிறீச் கிறீச்சென்று தெருவுக்கே கேட்கும். மத்தியான வெயிலில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், அந்தக் கழுத்தோடு, அந்தச் சேதியோடு, மணத்தை மோந்து பார்த்து ஃபேன் சுவிட்சில் கை வைக்காமல், தட்டாமல், கூப்பிடாமல், புழுக்கத்தில் உட்கார்ந்து இருமலைத் துணியில் அமுக்குகிறாள். எதற்கு? பன்னிரண்டு கட்டைமேல் ஒரு தூசி விழக் கூடாது என்பதற்கு. கை ரிம்மை விட்டது. அது கொஞ்சம் சுற்றிவிட்டுத் தானாக நின்றது, மீன்களெல்லாம் வயிற்றுப்பக்கம் சொட்டுக் கட்ட ஆரம்பித்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு தாழ்ப்பாளை நீக்கினார், விரலில் ஒட்டியிருந்தது தாழ்ப்பாளிலும் ஒட்டியது.

எஸ்கலின் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெளியே போய்வந்த சேலையை இன்னும் மாற்றவில்லை, தலையில் மட்டும் துண்டு கட்டியிருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவள் எழுந்திருக்காமல் கேட்டாள்.

"காஞ்சிருச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் தொறந்திய? தூசி போயிரும்லா."

"இது காயாது எஸ்கலி. ஹார்டனரே ஊத்தல. ஒரே பாட்டில ரெண்டு தடவ ஊத்திட்டேன்."

அவள் அவர் விரலைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் நின்றுபோன ரிம்மைப் பார்த்தாள். இருபத்துச் சொச்சம் வருஷமாக இந்த மனுஷன் அந்தத் தப்பைச் செய்ததில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"ஆட்டோ வந்தப்பவா?" என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். அவர் அவளைத் தாண்டிக்கொண்டு போய் ஹால் சுவிட்சைப் போட்டார். போடாதிய என்று அவள் கையைத் தூக்குவதற்குள் ரெகுலேட்டரைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டார். ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டு கிளம்பியது, காலண்டர் தாள் படபடத்தது, திறந்து கிடந்த கதவு வழியாகக் காற்று உள்ளே போயிற்று. போகட்டும். திரும்பி வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தோள் தோளில் பட்டது. இனிக் குடிக்க டீ கிடையாது, சுற்ற ரிம் கிடையாது. சொல்லு என்றார்.

"அதுதான்னு சொல்லிட்டாரு," என்றாள் எஸ்கலின். நிறுத்திவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னாள். கழுத்தைத் திறந்து எடுக்க வேண்டுமாம். இந்த இடத்தில் வருவது பிழைக்கக் கூடியதுதானாம், பயப்பட வேண்டாம் என்றாராம். முன்னாலேயே வந்திருக்கலாமே, ஏன் வரவில்லை என்று கேட்டாராம். அக்கா வாயைத் திறக்கப் போனாளாம், இவள் அவள் தொடையில் கிள்ளிவிட்டு, தெரியல டாக்டர் என்று சொன்னாளாம். தஸ்நேவிஸ் தன் இரண்டு விரலையும் பார்த்தார். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அன்னைக்கே எனக்குத் தெரியும் எஸ்கலி, தொட்டப்பவே தெரியும் என்று சொன்னார். சொல்லிவிட்டார் என்பதே அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கும் தெரியும், உங்க மூஞ்சியப் பாத்தேன்லா என்று அவள் சொன்னாள். ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதன் காற்றில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னொண்ணும் சொன்னாரு," என்றாள். "குரல் நரம்பு அதுக்குப் பக்கத்துல ஓடுதாம். அது பட்டுதுன்னா குரல் கம்மிப் போவுமாம். சில பேருக்கு வராமலே போயிருமாம்." துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவிழ்ந்த முடி காற்றில் பறந்து அவர் முகத்திலும், கதவுப் பக்கமும் போயிற்று. "அப்ப, உங்களத் திட்டணும்னா இப்பவே திட்டிக்கிடணும் போலுக்கு."

"திட்டு," என்றார் தஸ்நேவிஸ்.

அவள், அவர் சாத்திக்கொண்ட கதவிலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.